வேலையில்லாத நேரத்தில் என் கணினி பார்க்கும் வேலை

கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1999 மே மாதம் தொடங்கப்பட்ட வேற்றுலக அறிவுயிர்களின் சமிக்ஞைகளைத் தேடும் செட்டி அட் ஹோம் (SETI@home) திட்டம், அரெசிபோ ரேடியோ தொலைநோக்கி பதிவுசெய்த தரவுகளைச் சிறு துண்டுகளாக்கி, வேலையில்லாத நேரத்தில் கணக்கிட்டு ஆராய்வதற்காக வீட்டுக் கணினிகளுக்கு அனுப்பிவந்தது. வண்ண வண்ண முகடுகள் எழுந்து விழும் அதன் ஸ்கிரீன்சேவரைப் பார்த்துத்தான் நானும் அதில் சேர்ந்தேன். வேற்றுலகச் சமிக்ஞை எதுவும் உறுதிப்படாத நிலையில், 2020 மார்ச் இறுதியில் அத்திட்டம் புதிய வேலைகளை அனுப்புவதை நிறுத்தியதும், மிக வேகமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீன்களான பல்சார்களைத் தேடும் ஐன்ஸ்டைன் அட் ஹோமுக்கு மாறினேன். இத்தகைய வேலைகளைத் தன்னார்வலர்களின் கணினிகளில் இயக்கும் பாயின்க் (BOINC) மென்பொருளே இரண்டுக்கும் போதும் என்பதால் மாறுவதில் சிரமமில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது சரிபார்ப்பு முறைதான். என் கணினி இரவெல்லாம் கணக்கிட்டு அனுப்பும் விடை உடனே ஏற்கப்படுவதில்லை; அதே துண்டைப் பெற்ற, முன்பின் அறியாத ஒருவருடைய கணினியின் விடையோடு அது ஒத்துப்போக வேண்டும். ஒருமுறை இரண்டும் ஒத்துப்போகாததால் 'முடிவு தெளிவில்லை' என்ற குறிப்போடு அந்த வேலை மூன்றாவது கணினிக்குப் போனது. அதன் விடை என்னுடையதோடு பொருந்தியபோது, கிடைத்த புள்ளிகள் அற்பமானவை என்றாலும், தேர்வில் தேறியதுபோல் மகிழ்ந்தேன்.

விநாடிக்குச் சுமார் 41 முறை சுழலும் ஜே2007+2722 என்ற பல்சார், அரெசிபோ தரவிலிருந்து 2010இல் ஐன்ஸ்டைன் அட் ஹோம் வழியாகக் கண்டறியப்பட்டபோது, ஓர் அமெரிக்கத் தம்பதிக்கும் ஜெர்மானியர் ஒருவருக்கும் அந்தப் பெருமை சேர்ந்ததற்குக் காரணமும் இந்த இரட்டைச் சரிபார்ப்புதான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வீணாகும் திறனைத்தானே கொடுக்கிறோம், செலவே இல்லை என்று சிலர் கூறுவதை நான் ஏற்பதில்லை. சும்மா இருக்கும் கணினிச் செயலி (பிராசசர்) குறைவான மின்சாரத்தையே இழுக்கும். முழுமூச்சில் கணக்கிடும் செயலி அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். ஆகவே இது மின்கட்டணத்தின் வழியே நாம் அளிக்கும் நன்கொடை என்றே கருதுகிறேன். மடிக்கணினி கொதித்து, விசிறி ஓயாமல் இரைந்ததால், செயலியில் பாதியை மட்டும் பயன்படுத்துமாறு பாயின்க் அமைப்புகளில் மாற்றினேன். நான் தட்டச்சு செய்யும்போது கணக்கீடு நின்றுவிடவும் ஏற்பாடு செய்தேன். இடையிடையே நிலை சேமிக்கப்படுவதால், கணினியை அணைத்தாலும் பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்தே வேலை தொடர்கிறது. கெடுவுக்குள் முடிக்க இயலாத வேலைகளைத் தேக்கி வைக்காமல் அப்போதே கைவிட்டுவிடுவது நல்லது. மறுமுனையில் தன் விடைக்கான ஒப்புதலுக்காக ஒருவர் காத்திருப்பார்.