சவுதி அர்ஜென்டினாவை ஜெயித்த அன்று ரியாத்தில் இருந்தேன்

காரிமங்கலம் (ரியாத்தில் ஹவுஸ் டிரைவர், 7 வருடம்):

நம்ம பக்கம் விளையாட்டு என்றால் கிரிக்கெட், விட்டால் வாலிபால். கால்பந்தை நான் காலால் தொட்டதுகூட இல்லை. ரியாத் போன முதல் வாரமே கஃபீலின் (எனக்கு வேலை கொடுத்த முதலாளியின்) சின்னப் பையன் என்னிடம் கேட்டது, "நீ ஹிலாலியா, நஸ்ராவியா?" என்றுதான். அல் ஹிலால் நீலம், அல் நஸ்ர் மஞ்சள். இரண்டுமே ரியாத் கிளப். அந்த வீட்டில் தாத்தாவும் அப்பாவும் ஹிலால், பையன் மட்டும் நஸ்ர். காலையில் பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் அவன் பேசாமல் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தால், முந்தின நாள் நஸ்ர் தோற்றிருக்கிறது என்று அர்த்தம்.

2022 நவம்பர் 22, செவ்வாய்க்கிழமை. உலகக் கோப்பையில் சவுதிக்கு முதல் ஆட்டமே அர்ஜென்டினாவோடு, கத்தாரின் லுசைல் மைதானத்தில். 36 ஆட்டமாகத் தோற்காத அணி அது. மதியம் 1 மணிக்கு ஆட்டம். வேலை இல்லாத நேரத்தில் நான் கேட்டை ஒட்டிய டிரைவர் ரூமில்தான் இருப்பேன். அன்றைக்குத் தாத்தாவே வந்து கூப்பிட்டு, விருந்தாளிகள் உட்காரும் மஜ்லிஸில் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். அத்தனை வருடத்தில் அந்த அறைக்குள் தட்டு எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன், உட்கார்ந்ததில்லை.

10-வது நிமிடத்தில் பெனால்டியில் மெஸ்ஸி கோல். அதற்கப்புறம் அர்ஜென்டினா மூன்று முறை பந்தை வலைக்குள் அடித்தும், மூன்றும் ஆஃப்சைடு, கோல் கணக்கில் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் தாத்தாவின் விரல் தஸ்பீஹ் என்கிற ஜெபமாலையின் மணியில் அப்படியே நின்றுவிடும். நடுவர் கை காட்டிய பிறகுதான் அடுத்த மணி நகரும்.

இடைவேளை முடிந்து 48-வது நிமிடத்தில் ஸாலிஹ் அல் ஷெஹ்ரி ஒரு கோல். ஐந்தே நிமிடத்தில் ஸாலிம் அல் தௌசரி பந்தை வாங்கி, ஆட்களைத் தாண்டித் திரும்பி, தூரத்து மூலைக்கு வளைத்து அடித்தார். அந்த நேரத்தில் தாத்தா என் மணிக்கட்டைப் பிடித்தார். ஆட்டம் முடிகிறவரை விடவில்லை. கூடுதல் நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. கோல்கீப்பர் அல் உவைஸ் பாய்ந்து வந்ததில் முட்டி இடித்து, சொந்த அணி வீரர் அல் ஷஹ்ரானி முகத்தில் அடிபட்டு விழுந்தபோது, உள்ளே பெண்கள் அழுகிற சத்தம் கேட்டது. 2-1 என்று முடிந்ததும் அந்தப் பெரியவர் என் நெற்றியில் முத்தம் கொடுத்தார். மணிக்கட்டில் அவர் விரல் பதிந்த சிவப்பு ராத்திரிவரை இருந்தது.

அப்புறம் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு தஹ்லியா தெருவுக்குப் போனோம். கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழாவில் தெருவின் இரண்டு பக்கமும் ஜனம் நின்று துண்டைச் சுழற்றுமே, அந்தக் கூட்டம்தான் என் கண்ணில் வந்தது. இங்கே துண்டுக்குப் பதில் பச்சைக் கொடி. முன்பின் தெரியாதவர்கள் கார் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மறுநாள் நாட்டுக்கே விடுமுறை என்று மன்னர் சல்மான் அறிவித்தார்.

ராத்திரி அம்மாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "அந்தப் பெரியவரு நல்லா சாப்பிட்டாரா சாமி?" என்றுதான் கேட்டது.

போலந்திடம் 2-0, மெக்சிகோவிடம் 2-1 என்று தோற்று சவுதி வெளியேறியது. போலந்து ஆட்டத்தில் தௌசரி பெனால்டியைத் தவறவிட்ட அன்று பையன் சாப்பிடவில்லை. டிசம்பரில் அர்ஜென்டினா கோப்பையை வாங்கியதும் அவனே ஓடி வந்து, "அவங்களைத் தோற்கடிச்சது நாங்க மட்டும்தான்" என்றான். அது உண்மைதான்.

போச்சம்பள்ளி (தோஹா):

அண்ணா, அதே டிசம்பர் 10-ல் மொராக்கோ போர்ச்சுகலை 1-0 என்று ஜெயித்தபோது நான் தோஹாவில் இருந்தேன். சூக் வாகிஃப் சந்தையில் மொராக்கோக்காரர்கள் தரையில் விழுந்து அழுதார்கள். மைதானத்தில் மொராக்கோ வீரர் பூஃபால் தன் அம்மாவோடு ஆடியதை எங்கள் கேம்ப்பில் ஒரே போனில் பத்துப் பேர் பார்த்தோம். முடிந்ததும் யாரும் பேசவில்லை. ஒவ்வொருத்தராக எழுந்து வெளியே போய் வீட்டுக்குப் போன் போட்டார்கள். நானும் போட்டேன்.