மறு: மண் திரவமாதலா, மண் இளகலா?

அனைவருக்கும் வணக்கம்.

நிலநடுக்கத்தில் நீர் ஊறிய மணல் பிடி விட்டு நீர்போல ஆவதற்கு (liquefaction) என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்ற நம் குழுவின் பேச்சில், ‘திரவமாதல்’ என்றே இருக்கட்டும் என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். பலரும் புழங்கும் சொல்தான், சரி. ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை; ‘இளகல்’ என்பதே பொருந்தும் என்பேன்.

கப்பல் துறையின் கரைச்சுவருக்குப் பின்னால் மணலைக் கொட்டி நிரப்புகிறோம். அங்கே நிலத்தடி நீர் கடல்மட்டத்தை ஒட்டியே நிற்கும். நிலம் குலுங்கியதும் தளர்ந்த மணல் நெருங்கி அமுங்கப் பார்க்கும். இடுக்கிலிருக்கும் நீருக்கு வெளியேற நேரமில்லை. பாரத்தை நீரே சுமக்கத் தொடங்க, மணல்மணிகளின் பிடி விட்டுப்போகும். எதுவும் உருகுவதில்லை. குலுக்கம் நின்றபின் நீர் மணலோடு கொப்பளித்து வடியும், மண் மறுபடி இறுகும். இளகுவது, இறுகுவது என்று இரண்டு பக்கமும் ஒரே இணையில் வந்துவிடுகிறதே! ஐப்பசி மழையில் வாய்க்கால் கரையை மிதித்துப் பார்த்து, “மண்ணு இளகிக் கெடக்கு, வண்டிய எறக்காதே” என்று நம் டெல்டாவில் சொல்வதும் பிடி விட்டுப்போன மண்ணைத்தான்.

1995 நிலநடுக்கத்தில் ஜப்பானின் கோபே துறைமுகத்தில் நடந்ததைப் பாருங்கள். கடலை நிரப்பி உண்டாக்கிய போர்ட் தீவிலும் ரொக்கோ தீவிலும் கான்கிரீட் பெட்டிகளை இறக்கி அமைத்த கரைச்சுவர்கள் கவிழவில்லை. சில இடங்களில் 5 மீட்டர் வரை கடல் பக்கம் நகர்ந்து, ஒன்றிரண்டு மீட்டர் இறங்கி, முன்னால் சாய்ந்தன. கிரேன்கள் ஓடும் இரண்டு தண்டவாளங்களில் கடலோரத் தண்டவாளம் சுவரோடு போய்விட்டது, பின்தண்டவாளம் அவ்வளவு நகரவில்லை. கிரேன்களின் கால்கள் அகன்று வளைந்தன. பின்னாலிருந்த மண் தள்ளியது மட்டும் காரணமில்லை. களிமண்ணைத் தோண்டி எடுத்துவிட்டுச் சுவருக்கு அடியில் நிரப்பிய சிதைந்த கருங்கல் மண்ணும் வலுவிழந்தது. நிலநடுக்கத்தில் மண் சுவரை எவ்வளவு தள்ளும் என்று கணிக்க ஒகாபே, மொனோனோபே என்ற ஜப்பானியர்கள் 1920களில் தந்த சூத்திரம் உலர்ந்த, பிடி விடாத மணலுக்கு உரியது. இளகிய மண்ணோ கனத்த நீர்போல முழு எடையோடு சுவரை நெருக்கும்.

களிமண்ணும் இளகும் என்போமே, குழப்பம் வராதா என்று குழுவில் ஓர் அம்மா கேட்டது நியாயம். குலுக்கத்தில் களி வலுக்குறைவது வேறு விதம். அதற்குக் ‘களித் தளர்ச்சி’ என்று தனியாக வைக்கலாம். நாகப்பட்டினம், காரைக்கால் கரையில் மணலும் களியும் மாறிமாறி வருவதால் ஒரே மண் ஆய்வறிக்கைக்கு இரண்டு சொல்லும் வேண்டும்.

அப்புறம், கரை மண்ணைத் தாங்கி நிற்கும் சுவருக்குத் ‘தடுப்புச்சுவர்’ என்ற பெயர் வேண்டாம். வீட்டில் அறை பிரிப்பதும் அதுதான். ‘கரைதாங்கு சுவர்’ என்போம். இளகல், இளகுமண், இளகல் எதிர்ப்பு ஆகிய மூன்றையும் வாக்கியத்தில் வைத்துப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்.