வாடகைக்கு யூனிவர்சல் கிரெடிட் காசு போதவில்லை, மிச்சத்தைக் கவுன்சில் தருமா? (லண்டன், ஹரோ)

ஹரோ புதுவரவு
அண்ணாமார், அக்காமார், அவசரம். வீட்டு வாடகை 1850 பவுண்ட், யூனிவர்சல் கிரெடிட்டில் (வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் உதவிப் பணம்) வாடகைக்கு 1450தான் வருகிறது. மிச்சத்தைக் கடையில் வேலை செய்து கட்டி வந்தேன், இப்போது அங்கே மணித்தியாலங்களைக் குறைத்துவிட்டார்கள். ஒன்றரை மாத வாடகை பாக்கி. நேற்று இரவு ஏஜென்ட் "இரண்டு கிழமைக்குள் வீட்டைக் காலி செய்" என்று வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார். மனைவிக்கு இன்னும் காட்டவில்லை. வாடகைக்கென்று கவுன்சில் (உள்ளூராட்சி) தனியாக ஏதோ காசு கொடுக்குமாம், கோயிலில் ஒருவர் சொன்னார். அதை எங்கே கேட்பது?

மதுரைக்காரன், ஸ்லவ்
சார், கிடைக்காது. நம் விசாவில் பப்ளிக் ஃபண்ட்ஸ், அதாவது அரசு உதவிப் பணம், கிடையாது என்று தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். கேட்டாலே விசாவுக்கு ஆபத்து, வேண்டாம். நான் 2023ல் ஸ்கில்டு வொர்க்கர் வேலை விசாவில் வந்தபோது இங்கே வாடகைக்கு இருந்த வரலாறு இல்லை என்று ஆறு மாத வாடகையை மொத்தமாக முன்பணம் கேட்டார்கள். ஊரில் மனைவியின் நகையை அடகு வைத்துத்தான் கட்டினேன். முதல் நான்கு மாதம் ஐந்து பேர் ஒரே வீட்டில் இருந்தோம், சமைக்க முறை போட்டு இரவு பதினொரு மணிக்குத்தான் அடுப்பு கிடைக்கும்.

டூட்டிங் பெரியப்பா
தம்பி, பயப்படாதே. நான் 2001ல் வந்தபோது பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை, பகலில் இன்னொருவர் எழும்பிப் போன கட்டிலில் படுக்கிறது. ஏஜென்டோடு சண்டை பிடிக்காமல் சாவியைக் கொடுத்துவிட்டுச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போ. வீடில்லை என்று சொன்னால் கவுன்சில் வீடு தரும்.

குரொய்டன் பிள்ளை
நாங்கள் டிஎச்பி (வாடகைக்குக் கவுன்சில் தரும் அந்தக் காசு) கேட்டு விண்ணப்பம் போட்டோம், மறுத்துவிட்டார்கள். "உங்களால் சமாளிக்க முடியும்" என்று ஒரு வரிக் கடிதம். வீண் வேலை.

வெம்பிளி வாசி
எங்களுக்கு ஆறு மாதம் கொடுத்தார்களே! ஆனால் அதற்குள் வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டிவிட்டார். பெனிபிட் (அரசு உதவி) என்று சொன்னாலே ஏஜென்ட் திருப்பிப் போன் எடுப்பதில்லை, நல்ல சம்பளத்தில் இருக்கிற கேரண்டர் (பிணை நிற்பவர்) வேண்டும் என்கிறார்கள், புதிதாக வந்தவன் யாரைக் கூட்டிப் போவது? பூஞ்சணம் பிடித்த அறைக்கு 1200 பவுண்ட்!

மதுரைக்காரன், ஸ்லவ்
அதேதான். இங்கே குளியலறைச் சுவர் முழுக்கக் கறுப்பு, ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்கிறார் ஏஜென்ட்.

ஈஸ்ட்ஹாம் அக்கா
தம்பிக்கு இரண்டு கிழமைதான் தவணை, பூஞ்சணத்தைப் பிறகு கதைப்போம். கிழமைக்கு ஒரு நாள் ஆலோசனை நிலையத்தில் தொண்டராக இருக்கிறேன், அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் பெரியப்பா சொன்னதைச் செய்யாதீர்கள். நீங்களாகச் சாவியைக் கொடுத்தால் "வேண்டுமென்றே வீட்டை விட்டவர்" என்று கவுன்சில் கைவிரிக்கலாம். வாட்ஸ்அப் மெசேஜ் நோட்டீஸ் ஆகாது. 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் காரணம் சொல்லாத செக்‌ஷன் 21 நோட்டீஸே இல்லை. பாக்கிக்காக நீதிமன்றம் கட்டாயம் வெளியேற்றும் நிலை வர மூன்று மாத வாடகை நிலுவையில் இருக்க வேண்டும். அந்த மெசேஜை அழிக்காமல் வையுங்கள்.

காசு விஷயம்: முன்பு அதற்கு டிஎச்பி என்று பெயர். 2026 ஏப்ரலில் இருந்து இங்கிலாந்தில் அது க்ரைசிஸ் அண்ட் ரெசிலியன்ஸ் ஃபண்ட் என்ற நெருக்கடி உதவி நிதிக்குள் வந்துவிட்டது. உங்கள் கவுன்சில் இணையத்தளத்தில் ஹவுசிங் பேமென்ட் என்று தேடுங்கள். கடன் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டாம். ஆனால் உரிமையும் இல்லை, கவுன்சில் பார்த்துக் கொடுப்பதுதான், அதனால்தான் ஒருவருக்குக் கிடைத்து இன்னொருவருக்குக் கிடைக்கவில்லை. மறுத்தால் திரும்பப் பார்க்கும்படி எழுதிக் கேட்கலாம், குரொய்டன் பிள்ளை அதைச் செய்தீர்களா?

வரவு செலவுப் படிவத்தில்தான் நம் ஆட்கள் விழுகிறார்கள். போன மாதம் ஓர் அம்மாவோடு உட்கார்ந்து நிரப்பினேன். பாங்க் ஸ்டேட்மெண்டில் மாதம் 200 பவுண்ட் ஒரு தோழிக்குப் போகிறது. சீட்டுக் காசு. விளக்காமல் விட்டால் மிச்சம் பிடிக்க வசதி இருக்கிறது என்றுதான் அதிகாரி நினைப்பார். எப்போது சேர்ந்தது, எப்போது முடியும், இடையில் ஏன் நிறுத்த முடியாது என்று மூன்று வரி எழுதினோம். ஊருக்கு அனுப்பும் காசுக்கும் அப்படியே, மறைக்கவே கூடாது. பாண், பால், பஸ் காசு, பிள்ளைகளின் சப்பாத்து, ஒன்றையும் குறைத்து எழுதாதீர்கள். கஷ்டத்தைக் கொஞ்சமாகக் காட்டுவது நம் பழக்கம், இங்கே அது உதவாது.

இனி நீங்கள் சொல்லாதது மூன்று. என்ன விசா? பிள்ளைகள் உண்டா, என்ன வயது? யூனிவர்சல் கிரெடிட் ஸ்டேட்மெண்டில் பெனிபிட் கேப் (உதவிப் பணத்துக்கான உச்சவரம்பு) என்று ஏதும் கழிக்கிறார்களா?

ஹரோ புதுவரவு
மன்னிக்கவும் அக்கா, பதட்டத்தில் எழுதினேன். எனக்கு அகதி அந்தஸ்து கிடைத்து ஒன்றரை வருடம், மனைவி பிள்ளைகள் குடும்ப விசாவில் வந்தார்கள். கேப் என்று ஒன்றும் இல்லை. மகளுக்கு ஏழு, மகனுக்கு இந்த மாதம் ஆறாம் தேதி பத்து வயது முடிந்தது.

ஈஸ்ட்ஹாம் அக்கா
அகதி அந்தஸ்து என்றால் பப்ளிக் ஃபண்ட்ஸ் தடை உங்களுக்கு இல்லை, ஸ்லவ் தம்பி சொன்னது அவர் விசாவுக்குச் சரி.

மகனின் வயதை ஏன் முதலே சொல்லவில்லை! வாடகைக்கு யூனிவர்சல் கிரெடிட் தருவது குடும்பத்துக்கு எத்தனை அறை தேவை என்ற கணக்கில்தான். ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் சேர்த்து ஓர் அறை என்று கணக்குப் பார்ப்பது இருவரும் பத்து வயதுக்குள் இருக்கும்வரைதான். இனி உங்களுக்கு மூன்று அறைக் கணக்கு. இருப்பது இரண்டு அறை வீடு என்றாலும் மூன்று அறைக்கான விகிதம்தான் பார்ப்பார்கள், உண்மை வாடகையைத் தாண்டாது, அவ்வளவுதான். அந்த விகிதத்துக்கு எல்எச்ஏ என்று பெயர், எல்எச்ஏ டைரக்ட் தளத்தில் போஸ்ட்கோடு போட்டால் எவ்வளவு என்று தெரியும். இன்றே ஜர்னலில் (யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் செய்தி எழுதும் இடம்) எழுதுங்கள், இந்த மாதக் கணக்கு முடியும் முன் எழுதினால்தான் இந்த மாதத்துக்கே சேரும். இடைவெளி குறையும், மிச்சத்துக்கும் பாக்கிக்கும் கவுன்சிலில் கேளுங்கள். கவுன்சிலுக்கே போன் எடுத்து வீடு போகும் நிலை என்று ஹவுசிங் பகுதிக்கும் சொல்லுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள்.

டூட்டிங் பெரியப்பா
சாவி விஷயம் எனக்குத் தெரியாது, மன்னிக்க வேண்டும் தம்பி. அக்கா சொன்னபடி செய்.

ஹரோ புதுவரவு
ஜர்னலில் எழுதிவிட்டேன். கணக்கு முடிய இன்னும் நான்கு நாள் இருக்கிறது. மனைவியிடமும் சொல்லிவிட்டேன், பாங்க் ஸ்டேட்மெண்டை இப்போது அவர்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார். எங்களுக்கும் ஒரு சீட்டு இருக்கிறது அக்கா, மாதம் 100 பவுண்ட்.

ஈஸ்ட்ஹாம் அக்கா
அதற்கும் மூன்று வரி எழுதுங்கள். அனுப்பும் முன் இங்கே போடுங்கள், பெயர்களை எடுத்துவிட்டு. பார்த்துச் சொல்கிறேன்.