வீட்டில் பழ வைன் போட்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் (பிரிட்டனில் இருப்பவர்கள்)

ரீடிங்கிலிருந்து

எங்கள் வீட்டுக்குப் பின்னால் கால்வாயை ஒட்டி ஒரு நடைபாதை போகிறது. ஆகஸ்ட் பாதியில் தொடங்கி அந்த வேலி நெடுக பிளாக்பெர்ரி பழுத்துக் கறுத்துக் கிடக்கும். நாயோடு நடக்க வருகிறவர்கள் நாலு பழம் பறித்து வாயில் போட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். மிச்சமெல்லாம் பறவைக்கும் புழுவுக்கும். நாவல் மரத்தடியில் பழம் கொட்டிக் கிடந்தால் மடி நிறையப் பொறுக்கி வளர்ந்தவன் நான். பார்த்துக்கொண்டு சும்மா போக மனம் வரவில்லை. மூன்று வருடமாக வாளியோடு போகிறேன்.

வழி காட்டியவர் அலாட்மென்டில் (காய்கறி போட வாடகைக்குக் கிடைக்கும் நிலம்) எனக்குப் பக்கத்துத் துண்டில் பயிர் வைத்திருந்த பெரியவர். எண்பது வயதைத் தாண்டியவர். ஒருநாள் நான் வெந்தயக்கீரை ஒரு கட்டு கொடுத்தேன். மறுவாரம் அவர் ஒரு பாட்டில் கொண்டுவந்தார். உள்ளே கருஞ்சிவப்பாக ஏதோ. லேபிளில் பழத்தின் பெயரும் வருடமும் பென்சிலால் எழுதியிருந்தன. திராட்சையே இல்லாமல், வேலியிலும் தோட்டத்திலும் அடுப்படியிலும் இருப்பதை வைத்துப் போடும் இந்த வைனை இங்கே 'கன்ட்ரி வைன்' என்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

பறிப்பதற்கே அவரிடம் முறை உண்டு. மழை விட்டு இரண்டு நாளாவது ஆகியிருக்க வேண்டும். செப்டம்பர் 29, அதாவது மிக்கேல் சம்மனசுத் திருநாள், அதற்குப் பிறகு பிளாக்பெர்ரியைத் தொடக்கூடாது, பிசாசு எச்சில் துப்பிவிடும் என்பார். பழைய நம்பிக்கைதான். ஆனால் அக்டோபரில் ஈரம் ஏறிப் பழம் சொதசொதத்து, பூஞ்சை பிடித்துவிடும். நம் வீட்டுப் பாட்டிகள் சொன்ன பல விஷயங்கள் மாதிரி இதற்குள்ளும் காரணம் இருக்கிறது.

என் முதல் வைனுக்கு 1.8 கிலோ பழம் கிடைத்தது. மூடி போட்ட பெரிய வாளியில் மசித்து, கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, ஒரு கிலோ சர்க்கரை கரைத்தேன். ஆறியதும் ஒரு கேம்டன் மாத்திரையைப் பொடித்துப் போட்டேன். அது காட்டுக் கிருமிகளை அடக்கும். அரை நாள் கழித்து, பழத்தின் பெக்டினை உடைத்துக் கலங்கலைத் தடுக்கும் பெக்டோலேஸ். இன்னும் அரை நாள் கழித்து ஈஸ்டும் அதற்கான சத்துப் பொடியும். மறுநாள் காலையில் வாளி மூடியைத் திறந்தபோது தோசை மாவு பொங்கி நிற்கும் அதே வாசனை! அம்மாவின் சமையலறைக்கே போய்விட்டேன்.

ஐந்து நாள் தினமும் கிளறி, மஸ்லின் துணியில் வடிகட்டி, 4.5 லிட்டர் பிடிக்கும் டெமிஜான் ஜாடியில் ஊற்றி, தண்ணீர் சேர்த்து அளவைச் சரிசெய்து, ஏர்லாக் மாட்டி வைத்தேன். கரியமிலவாயு வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. சின்னக் கருவி, அதில்தான் எல்லாம் நிற்கிறது. 'ப்ளுக்... ப்ளுக்...' என்று இரவெல்லாம் சத்தம். என் மகள் அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணுவாள். முதல் வாரம் முப்பதுக்கு மேல். ஆறாவது வாரம் நின்றுவிட்டது.

ஹைட்ரோமீட்டரில் (திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் கருவி, சர்க்கரை குறையக் குறைய எண் இறங்கும்) தொடக்கம் 1.090, முடிவு 0.996. அதாவது ஆல்கஹால் சுமார் 12 சதவீதம். அடிமண்டியைக் கலக்காமல் தெளிவை மட்டும் குழாயால் இறுத்து வேறு ஜாடிக்கு மாற்றினேன். ஒரு கோப்பை குடித்துப் பார்த்தேன். புளிப்பும் காரமுமாக நாக்கைப் பிடித்தது. மனது உடைந்துபோய் அவரிடம் கொண்டுபோனேன். வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "அடுத்த கோடை வரை மாடிப்படிக்குக் கீழே இருட்டில் வை" என்றார். வெளிச்சம் பட்டால் சிவப்பு மங்கிப் பழுப்பாகிவிடுமாம். அடுத்த ஜூலையில் திறந்தேன். அதே வைன் என்று நம்ப முடியவில்லை. நாக்கைப் பிடித்ததெல்லாம் போய், பழவாசனை மட்டும் மேலே நின்றது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வாரம் அம்மா போனில் அழுதார், "வீட்டில் வைத்திருக்கிற அந்தக் கண்றாவியைக் கொட்டு" என்று. அவர் பயத்தில் நியாயம் உண்டு. அது மெத்தனால் கலந்த சாராயம். பழத்தைப் புளிக்க வைக்கும்போது மெத்தனால் மிகச் சொற்பமாகத்தான் உண்டாகும், நான் எதையும் காய்ச்சி வடிப்பதில்லை என்று பொறுமையாக விளக்கினேன். இங்கே சொந்த உபயோகத்துக்கு வைன் போட அனுமதி உண்டு. விற்கக் கூடாது. உரிமம் இல்லாமல் காய்ச்சி வடிப்பது குற்றம். அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டாம்.

சரி, என் கதை இது. சமையல் குறிப்பு மட்டும் போடாமல், என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

வெம்பிளியிலிருந்து

அண்ணா, நான் எழுதப் போவது ஒரு விபத்து. யாருக்கும் நடக்கக் கூடாது என்பதால் முழுசாக எழுதுகிறேன்.

மே கடைசியிலிருந்து ஜூன் வரை எல்டர் மரங்கள் பூக்கும். தட்டுத் தட்டாக வெள்ளைப் பூ. வெயில் ஏறிய காலையில் பறித்தால் தேன் மாதிரி வாசம். பழுப்படித்த பூவைச் சேர்த்தால் பூனை மூத்திர நாற்றம் வந்துவிடும். பச்சைக் காம்பையும் கிள்ளிவிட வேண்டும், அதில் விஷம் உண்டு. பூவிலேயே காட்டு ஈஸ்ட் ஒட்டியிருப்பதால் சிலர் தனியாக ஈஸ்ட் போடுவதே இல்லை. நானும் போடவில்லை. பூ, எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர். இதை நுரைக்க நுரைக்கச் செய்வதற்கு 'எல்டர்ஃபிளவர் சாம்பெயின்' என்று பேச்சு வழக்கு. அந்தப் பெயரில் ஒரு நிறுவனம் பானம் விற்று, பிரெஞ்சுக்காரர்கள் வழக்குப் போட்டு, 1993-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பெயரில் விற்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. வீட்டில் எப்படி வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

ஆறாவது நாளே நுரை அடங்கிவிட்டது என்று எண்ணி, பழைய வைன் பாட்டில்களில் அடைத்து சமையலறை அலமாரியில் வைத்தேன். ஹைட்ரோமீட்டர் வாங்கவில்லை. பத்தாம் நாள் இரவு இரண்டரை மணி. வெடிச்சத்தம். ஒரு பாட்டில் வெடிக்க, அந்த அதிர்ச்சியில் பக்கத்தில் இருந்த மூன்றும் வெடித்தன. அலமாரிக் கதவில் கண்ணாடித் துண்டு குத்தி நின்றது. பகலில் அதே இடத்தில்தான் என் பையன் நின்று பிஸ்கட் எடுப்பான். அதை நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது.

சர்க்கரை தீர்ந்தபின்தான் ஈஸ்ட் ஓயும். குமிழி நின்றதை வைத்து முடிவு செய்யக் கூடாது. குளிர் வந்தாலும் நிற்கும், வெயில் வந்தால் மறுபடி கிளம்பும். இப்போது ஹைட்ரோமீட்டரில் ஒரே எண் நாலைந்து நாள் மாறாமல் நின்றால்தான் அடைக்கிறேன். நுரை வேண்டுமென்றால் அதற்குப் பிறகு லிட்டருக்கு 8 கிராம் சர்க்கரை போட்டு, சோடா வரும் பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றுகிறேன். அமுக்கிப் பார்த்தால் கல் மாதிரி இருக்கும், உடனே ஃபிரிட்ஜுக்குள். கண்ணாடியைத் தொடுவதில்லை.

கிளாஸ்கோவிலிருந்து

தம்பி, வாசித்து நெஞ்சு திக்கென்றது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதது பெரிய புண்ணியம்.

நான் யாழ்ப்பாணத்து ஆள். வைன் என்றால் முந்திரிகைப் பழத்தில்தான் (திராட்சைதான்) என்று எண்ணியிருந்த எனக்கு, வேலைக்கு வந்த ஸ்கொட்லாந்துப் பெண் ஒருத்தி பார்ஸ்னிப்பில் போட்ட வைனைத் தந்தபோது நம்பவே முடியவில்லை. பார்ஸ்னிப் என்பது வெள்ளைக் கரட் மாதிரி ஒரு கிழங்கு. மண்ணுக்குள்ளேயே விட்டு, உறைபனி பட்ட பிறகுதான் கிண்ட வேண்டும் என்றாள். குளிருக்கு மாச்சத்து சீனியாக மாறி, கிழங்கு இனிக்குமாம். தை மாதத்தில் அவளோடு போய்க் கிண்டினேன்.

இரண்டு கிலோ கிழங்கை அவித்து, தண்ணியை மட்டும் எடுக்க வேண்டும். குழையக் கூடாது. குழைந்தால் மாவு இறங்கி வைன் தெளியவே தெளியாது. அவித்த தண்ணியில் சீனி, இரண்டு தேசிக்காய் (எலுமிச்சை), கால் கிலோ முந்திரிகை வற்றல் (உலர் திராட்சை), ஒரு கோப்பை சாயம் கூடிய தேத்தண்ணி. பிளாக்பெர்ரித் தோலில் இருக்கிற துவர்ப்பு கிழங்கில் இல்லை, அதைத் தேயிலை தருகிறது. எங்கட தேயிலைக்கு இப்படியும் ஒரு பயன் என்று சந்தோஷம் எனக்கு.

மூன்றாம் வாரம் எல்லாம் அசையாமல் நின்றுவிட்டது. எங்கள் குசினியில் இரவில் 14 பாகைதான். ஈஸ்ட் செத்துவிட்டது என்று கவலைப்பட்டு அவளோடு கதைத்தேன். "சாகவில்லை, நித்திரை" என்றாள். சுடுதண்ணித் தாங்கி இருக்கிற அலுமாரிக்குள் போர்வை சுற்றி வைத்தேன். இரண்டு நாளில் குமிழி வந்தது. ஒன்றரை வருஷம் கழித்துத் திறந்தோம். கிழங்கு மணமே இல்லை. பொன்னிறம், ஷெரி வைன் மாதிரி ஒரு வாசம். அவள் அதற்குள் அபர்டீனுக்கு மாறிப் போயிருந்தாள். ஒரு போத்தலைத் துணியில் சுற்றி ரயிலில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

லீட்ஸிலிருந்து

என்னுடையது சின்னது. எங்கள் பக்கம் ரூபார்ப் (புளிப்புத் தண்டுக்காக வளர்க்கும் செடி) ஊர். வேக்ஃபீல்டு, மோர்லி, ராத்வெல் சுற்றுவட்டாரத்தில் இருட்டுக் கொட்டகைக்குள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் அறுவடை செய்வார்கள். அப்படி இருட்டில் விளையும் யார்க்‌ஷயர் ரூபார்ப்புக்கு 2010-இல் நம் புவிசார் குறியீடு மாதிரி ஐரோப்பியப் பாதுகாப்பும் கிடைத்தது. நான் வீட்டுத் தோட்டத்தில் ஏப்ரல், மே மாதம் வரும் தண்டில்தான் போடுகிறேன். இலை முழுக்க ஆக்சாலிக் அமிலம், அதைத் தூர எறியுங்கள். தண்டை வேகவைக்க வேண்டாம். மாங்காய் ஊறுகாய்க்கு உப்புப் போட்டு வைப்பது போல, நறுக்கிச் சர்க்கரையைக் கொட்டி மூன்று நாள் மூடி வைத்தால் தானே சாறு விட்டுவிடும். வெளிர் இளஞ்சிவப்பு நிறம். என் மனைவிக்கு இதுதான் பிடிக்கும், பிளாக்பெர்ரி கனம் என்பாள்.

கோயம்புத்தூரிலிருந்து

நான் இங்கே பன்னீர் திராட்சையில் முயற்சி செய்யலாமா? கிலோ கணக்கில் மலிவாகக் கிடைக்கிறது.

ரீடிங்கிலிருந்து

வேண்டாம் தம்பி. 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டம் அங்கே நடப்பில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் போடுவது குற்றம். அந்தத் திராட்சையில் ஜாம் போடுங்கள், அருமையாக வரும்.

லெஸ்டரிலிருந்து

மாம்பழம் யாரும் சொல்லவில்லையே என்று வந்தேன். கேசர் மாம்பழக் கூழ் 850 கிராம் டின் இரண்டு. அதிலேயே சர்க்கரை இருப்பதால் மேற்கொண்டு முக்கால் கிலோ போதும். பெக்டோலேஸை இரட்டிப்பாகப் போட்டும் தெளிய ஏழு மாதம் ஆனது.

முதல் தடவை நடந்தது வேறு. ஏர்லாக்கில் தண்ணீர் வற்றியதை நான் கவனிக்கவில்லை. ஆகஸ்ட் மாதம், பழ ஈக்கள் மொய்த்தன. அவை காலில் கொண்டுவரும் கிருமி ஆல்கஹாலைப் புளிக்காடியாக மாற்றிவிடும். ஜாடியைத் திறந்ததும் மூக்கில் சுருக்கென்று ஏறியது. அழுகையே வந்தது, நான்கு மாத உழைப்பு. அத்தை பார்த்துவிட்டு, "கொட்டாதே" என்றார். அந்தக் காடியில் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் ஊறவைத்தார். மாம்பழ வாசனையோடு அந்த வெங்காயம் பிரியாணிக்கு அப்படிப் பொருந்தியது. ஆனால் ஒன்று, காடியான வாளியையும் குழாயையும் வைனுக்குத் திரும்பப் பயன்படுத்தவில்லை. புதிதாக வாங்கினேன்.

ரீடிங்கிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. வெம்பிளித் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு, படிக்குக் கீழே இருந்த பதினோரு பாட்டிலையும் வெளியே எடுத்து ஒவ்வொன்றாகக் கார்க்கைத் தடவிப் பார்த்தேன். ஒன்றில் கார்க் லேசாக மேலேறி இருந்தது. அதை ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரவிட்டு, துணி சுற்றித் திறந்து, ஏர்லாக் மாட்டிய ஜாடிக்கு மாற்றிவிட்டேன்.

பெரியவருக்கு முழங்கால் முடியாமல் போய், இந்த வசந்தத்தில் அலாட்மென்டை விட்டுக்கொடுத்துவிட்டார். அவருடைய டெமிஜான் பதினான்கையும் என் காரில் ஏற்றிவிட்டார். எனக்கு ஆறு போதும். ரீடிங், ஸ்லவ் பக்கம் இருப்பவர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் எழுதுங்கள், ஆளுக்கு இரண்டு தருகிறேன். கழுவி வைத்திருக்கிறேன். ரப்பர் அடைப்பு மட்டும் காய்ந்து வெடித்திருக்கிறது, அதைப் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். கால்வாய் ஓரத்தில் பழம் சிவந்துவிட்டது, இன்னும் பத்து நாளில் கறுத்துவிடும்.