பெரியவர்கள் கூடி ஆடிய ஆட்டங்கள்: மனத்தை விட்டுப் போகாதது எது?

சிந்துபூந்துறை மாடிவீடு
2023 டிசம்பர் திருநெல்வேலி வெள்ளம் எல்லாருக்கும் தெரிந்த கதை, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. பக்கத்து வீட்டு மாடியில் இரண்டு குடும்பங்களும் ஒதுங்கியிருந்தோம். அந்த வீட்டு அண்ணாச்சிக்கும் என் அப்பாவுக்கும் காம்பவுண்டுச் சுவர் தகராறில் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. தண்ணீர் ஏறியதும் மேலே வரச்சொல்லிக் குரல் கொடுத்தவர் அவர்தான். ஆனால் வந்த பிறகு இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் வீட்டு மதினிதான் பொறுக்கமாட்டாமல் தரையில் சாக்பீஸால் தாயக்கட்டம் போட்டு, ஆறு புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்துக் கொண்டுவந்து வைத்தார்.

அப்பா எதிராளியின் காயை வெட்டுவதற்குப் பேர்போனவர், கூடப் பிறந்த தங்கை என்றும் பார்க்கமாட்டார். அண்ணாச்சியின் காய் ஒன்று ஊர் முழுக்கச் சுற்றிவிட்டு, அப்பாவின் காய்க்குச் சரியாக ஐந்தாவது கட்டத்தில் நின்றது. அப்பா உருட்டினார். ஐந்து. வெட்டு இல்லாமல் உள்கட்டத்துக்குள் போக முடியாது. அதுவரை அப்பாவுக்கு ஒரு வெட்டுகூடக் கிடைத்திருக்கவில்லை. கொட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தவர், வேறொரு காயை எடுத்து ஐந்து கட்டம் நகர்த்திவிட்டார். அண்ணாச்சி தலையைத் தூக்கி ஒருமுறை அவரைப் பார்த்தார், அவ்வளவுதான். கடைசியில் அப்பா தோற்றார். பிறகு கேட்டதற்கு, "மெழுகுவத்தி வெளிச்சத்தில் என்ன தெரியும்?" என்று மழுப்பிவிட்டார். எனக்கு இன்றுவரை நம்பிக்கை வரவில்லை.

களக்காட்டான்
ஒரு சந்தேகம். ஐந்து விழுந்தால் மறுபடி ஒருமுறை உருட்டலாம் அல்லவா? ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகிய நான்குக்கும் மறு உருட்டல் உண்டே. அடுத்து என்ன விழுந்தது என்று நீங்கள் சொல்லவே இல்லை. உங்கள் அப்பா அதை நம்பிக்கூட விட்டிருக்கலாம். அப்புறம், வெட்டினால்தான் உள்ளே போகலாம் என்பது ஊருக்கு ஊர் மாறும். எங்கள் தெருவில் அந்தச் சட்டமே கிடையாது. அதனால் இதைப் பெரிய தியாகமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் ஆடிய தாயத்தில் நினைவிருப்பது ஒன்றுதான்: ஆட்டம் முடியும்வரை காயை இறக்க வேண்டிய தாயமே (ஒன்று) விழாமல் ஆறு காயையும் கையிலேயே வைத்துக்கொண்டிருந்த என் பெரியப்பா, கட்டத்தைக் காலால் அழித்துவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

செங்கோட்டை மருமகன்
தாயத்தை விடுங்கள். சீட்டுக்கு வருகிறேன். செங்கோட்டை 1956 வரை கேரளப் பக்கத்துத் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர், அங்கே 28 என்ற சீட்டாட்டம் தெரியாத ஆண்பிள்ளையைப் பார்ப்பது அரிது. ஜாக்கிக்கு மூன்று, ஒன்பதுக்கு இரண்டு, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. நாலு ஜாதியும் சேர்ந்தால் 28. இத்தனை புள்ளி எடுப்போம் என்று கேட்பது பதினான்கில் தொடங்கும். இருபதுக்கு மேல் கேட்கிறவனையே ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

என் மனைவியின் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம் முடிந்து, மறுவீட்டுக்கு முந்தின ராத்திரி. மாடியில் பாய் விரித்து ஆட்டம். மூன்று நாளாகச் சம்பந்தி வீட்டார் முன்னால் கையைக் கட்டிக்கொண்டே நின்ற மாமா, "ஒரு கை போடுகிறேன்" என்று உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் 28 கேட்டார்! ஒரு புள்ளி எதிர்க்கட்சிக்குப் போனாலும் தோல்வி. அந்த நேரம் பார்த்துச் சமையல்காரர் படியேறி வந்து, "அண்ணாச்சி, சொதிக்குத் தேங்காய்..." என்று ஆரம்பித்தார். மாமா சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் இடதுகையை மட்டும் தூக்கிக் காட்டினார். கடைசிப் பிடிக்கு அவர் கையில் மிச்சம் ஆட்டின் (ஹார்ட்ஸ்) ஒன்பது. ஆட்டின் ஜாக்கி அதுவரை வெளியே வரவே இல்லை. எதிர்க்கட்சியில் யாரிடமாவது அது இருந்தால் கதை முடிந்தது. ஒன்பதைப் பாயில் அறைந்தார். ஜாக்கி அவருடைய ஜோடியிடமிருந்து இறங்கியது.

மாமா திரும்பி, "என்ன கேட்டீர்கள்?" என்றார். சமையல்காரர் அதற்குள் அவர் தோளுக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். "வந்ததே மறந்துபோய்விட்டது" என்றார். மறுநாள் கடைசிப் பந்திக்கு அந்தத் தேங்காய்ப்பால் குழம்பு, சொதி, எட்டவில்லை. இஞ்சிப் பச்சடி இருந்தது, உருளைக்கிழங்கு இருந்தது, ஊற்றிக்கொள்ள ரசம்தான். திருநெல்வேலி மறுவீட்டில் சொதி இல்லையென்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். மாமா மட்டும் அன்று முழுவதும் சிரித்த முகமாகவே இருந்தார்.

பாளை ரிடையர்டு
அனுபவங்கள் அருமை. ஆனால் இந்த ஆட்டங்கள் எல்லாம் நாலைந்து பேருக்குத்தான் ஆகும். முப்பது நாற்பது பேர் கூடுகிற வீட்டுக்கு ஹவுஸி (தம்போலா)தான் சரி. என் அறுபதாம் கல்யாணத்தன்று ஆடினோம். இரண்டு சம்பந்தி அம்மாள்களும் ஒரே நேரத்தில் "ஃபுல் ஹவுஸ்" என்று எழுந்தார்கள். சரிபார்த்தால் மகன் வீட்டுச் சம்பந்தி அடித்திருந்த 77 கூப்பிடப்படவே இல்லை, கூப்பிட்டது 67. அந்த அம்மாள் டிக்கெட்டைக் கிழித்து என் தாம்பாளத்திலேயே போட்டார்.

ஆகையால் நடத்துகிறவர்களுக்குச் சில யோசனைகள். எண் கூப்பிடும்போது "அறுபத்தேழு" என்று மட்டும் சொல்லாதீர்கள். அறுபத்தேழும் எழுபத்தேழும் வயதானவர்கள் காதில் ஒன்றாகத்தான் விழும். "ஆறு, ஏழு, அறுபத்தேழு" என்று பிரித்துச் சொல்லுங்கள். டிக்கெட்டில் மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து எண், ஆகப் பதினைந்து. இதை ஆட்டத்துக்கு முன்பே எல்லாருக்கும் காட்டிவிடுங்கள், பாதி ஆட்டத்தில் கட்டம் காலியாக இருக்கிறதே என்று சண்டைக்கு வருவார்கள். பேனாவால் அடிப்பதற்குப் பதிலாக எண்ணின் மேல் எதையாவது வைத்தால் டிக்கெட்டை மறுபடி பயன்படுத்தலாம். துவரம்பருப்பு வைக்காதீர்கள், ஃபேன் காற்றுக்கு டிக்கெட்டோடு பறந்துவிடும்; புளியங்கொட்டை நிற்கும். பரிசு எவர்சில்வர் டம்ளருக்கு மேல் போக வேண்டாம். பெரிய பரிசு வைத்தால் ஆட்டம் கெடும். காசு வைத்து ஆடவே வேண்டாம், குறிப்பாக மச்சினன்மார் இருக்கும் இடத்தில். முதல் ஐந்து, மூன்று வரிசை, ஃபுல் ஹவுஸ் என்று பரிசுகளைப் பிரித்தால் ஐந்து பேராவது சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள். கூப்பிடுகிறவர் அந்தக் குடும்பத்து மருமகனாக இருக்கக் கூடாது. காரணம் சொல்லத் தேவையில்லை.

தெற்கு பஜார்
பாளை சார், இங்கே யாரும் ஹவுஸி நடத்தப்போவதாகச் சொல்லவில்லையே! சம்பந்தி அம்மாள் டிக்கெட்டைக் கிழித்த இடத்தில் நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு உங்கள் மகன் கதி என்ன ஆனது?

என்னுடையது ராஜா ராணி சீட்டு. குழந்தைகள் ஆட்டம்தான், மதிய உணவு முடிந்து மழைக்கு ஒதுங்கியிருந்த நேரம், நான் அப்போது வேலை பார்த்த அலுவலகத்தில் சும்மா ஆரம்பித்தது. ராஜாவுக்கு ஆயிரம், திருடனுக்குப் பூஜ்யம், போலீஸ் வந்தவர் திருடனைக் கண்டுபிடிக்க வேண்டும். மேலதிகாரியும் வந்து உட்கார்ந்தார். ஆள் குறைகிறதே என்று கூட்டிப் பெருக்கும் அக்காவையும் கூப்பிட்டோம். அவருக்குப் போலீஸ் சீட்டு வந்தது. மேலதிகாரி தன் சீட்டைப் பிரித்துப் பார்த்ததும் காது வரை சிவந்து, அதை ஃபைலுக்கு அடியில் தள்ளினார். சுற்றியிருந்த எல்லாருக்கும் விளங்கிவிட்டது. அக்காவுக்கும் விளங்கியது, அவர் கண் அந்த ஃபைல் மேல் நின்றதை நான் பார்த்தேன். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பி, "நீங்கள்தான் அம்மா திருடன்" என்றார். நான் ராணி.

போலீஸ் தவறினால் போலீஸுக்குள்ள ஐந்நூறு திருடனுக்குப் போக வேண்டும். அது சட்டம், சரி. ஆனால் சிரித்துக்கொண்டே அந்தக் காகிதத்தை இழுத்து, அக்காவின் பெயருக்கு நேரே பூஜ்யமும் தன் பெயருக்கு நேரே ஐந்நூறும் மேலதிகாரியே தன் கையால் எழுதினார் பாருங்கள், அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

களக்காட்டான்
அந்த அக்கா செய்தது பயத்தில் என்று நினைக்கிறீர்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. திருடன் யார் என்று எல்லாருக்கும் தெரிந்த பிறகு அவர் ஏன் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்? ஐந்நூறை எழுதவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது அவர்தான். இன்னொன்று, எங்கள் பள்ளிக்கூடத்தில் திருடனுக்கு அந்தப் புள்ளியைக் கொடுக்கவே மாட்டோம்.

ஸ்ரீவைகுண்டம்
களக்காட்டாருக்கு எல்லா ஆட்டத்துக்கும் தனிச்சட்டம் உண்டுபோல.

எங்கள் ஊரில் வைகுண்ட ஏகாதசி என்றால் கேட்க வேண்டாம், நவதிருப்பதி என்கிற ஒன்பது பெருமாள் கோயில்களில் முதல் திருப்பதி. ராத்திரி கண்விழிக்கப் பாம்பும் ஏணியும் உள்ள பரமபதம் ஆடுவோம். பகல் முழுக்கப் பட்டினி இருந்த ஆச்சி, எல்லாரையும் முந்திக்கொண்டு மேல்வரிசைக்குப் போய்விட்டார். "நான் வைகுண்டம் போய் உங்களுக்கு இடம் போட்டு வைக்கிறேன்" என்று அத்தையிடம் ஒரே கேலி. அடுத்த உருட்டலில் பெரிய பாம்பின் வாயில் விழுந்து அடிவரிசைக்கு வந்துவிட்டார். நாங்கள் சிரித்ததுதான் தாமதம், தாயக்கட்டையைத் தட்டிவிட்டு எழுந்துபோய்க் கட்டிலில் படுத்துக்கொண்டார். "பெருமாளே கீழே தள்ளிவிட்ட பிறகு எனக்கு என்ன விழிப்பு?" என்கிறார். ஏகாதசி விரதம் இருந்துவிட்டு ராத்திரி தூங்கலாமா என்று அத்தை கெஞ்ச, மாமா அதட்ட, ஒன்றும் நடக்கவில்லை. விடியும் நேரம் நெருங்கிக்கொண்டிருக்கிறது, ஆச்சி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கிடக்கிறார். கடைசியில் அத்தை ஆட்டத்தை மறுபடி விரித்து, ஆச்சியின் காயைப் பாம்புத் தலைக்கு அடுத்த கட்டத்தில் வைத்துக் காட்டினார். ஆச்சி ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு, "இன்னும் இரண்டு கட்டம் தள்ளி வை, வருகிறேன்" என்றார்.