டன் டயல் உள்ள கியூப் மெஷின்: 10-ஆல் பெருக்குவதா, 9.81-ஆல் பெருக்குவதா?

லேப்_பையன்:
சைட் லேபில் கான்கிரீட் கியூபை அழுத்தி உடைத்துப் பார்க்கும் கம்ப்ரெஷன் மெஷினின் டயல் டன்னில்தான் காட்டும். ரிப்போர்ட்டை நியூட்டன்/ச.மிமீ கணக்கில் கேட்கிறார்கள். 150 மிமீ கியூப், எம்25 (28 நாளில் 25 நியூட்டன்/ச.மிமீ பலம் வேண்டிய கிரேடு), 28 நாள். 57 டன்னில் உடைந்தது. டன்னை 10-ஆல் பெருக்கிக் கிலோநியூட்டனாக்கி, பரப்பால் வகுத்தால் 25.33 வருகிறது, 9.81 போட்டால் 24.85. எக்செல் ஷீட்டில் ஏற்கெனவே 10 தான் இருக்கிறது. எதை எழுதுவது? கியூப் எடை 8.1 கிலோ. அடர்த்திக்கும் 9.81 போட வேண்டுமா?

நிறைகோல்:
9.80665 போடுங்கள். டயலில் உள்ள டன், நிறை அல்ல. 1000 கிலோகிராம் விசை. ஒரு கிலோகிராம் விசை என்பது 9.80665 நியூட்டன் என்று வரையறுக்கப்பட்டது. ஆகவே 57 டன் = 559.0 கிலோநியூட்டன். பரப்பு 22,500 ச.மிமீ. விடை 24.84.

ஒவ்வொரு தடவையும் இவ்வளவு கணக்கு வேண்டாம். 150 மிமீ கியூபுக்கு டன்னை நேராக 0.43585-ஆல் பெருக்கினால் போதும். ஆனால் கியூபின் பக்கங்களை அளந்து பார்த்து, அது உண்மையில் 150 தான் என்றால் மட்டும். 149 × 150 என்று வந்தால் அந்தப் பரப்பையே போட வேண்டும்.

10 போடுவது "சின்ன ரவுண்டிங்" இல்லை. விடை 2 சதவீதம் கூடிவிடும், அதுவும் எப்போதும் கூடுதல் பக்கமே. மெஷினுக்கே பொதுவாக அனுமதிக்கும் பிழை 1 சதவீதம்தான். உங்கள் கியூபில் அந்த 2 சதவீதம் 25-க்குக் கீழே இருப்பதை மேலே தூக்கிவிட்டது, பாருங்கள்.

அடர்த்திக்கு 9.81 வேண்டாம். தராசு காட்டும் 8.1 கிலோ, நிறை. கியூபின் கன அளவு 0.003375 கன மீட்டர், ஆகவே 8.1 ÷ 0.003375 = 2400 கிலோ/கன மீட்டர். டிசைன்காரர் கேட்கும் கிலோநியூட்டன்/கன மீட்டர் வேறு, அப்போதுதான் 9.81-ஆல் பெருக்க வேண்டும், 23.5 வரும்.

பழைய_மெஷின்:
பெருக்குவதற்கு முன்னால் அது எந்த டன் என்று பாருங்கள். பழைய பிரிட்டிஷ் மெஷினாக இருந்தால் டயலில் உள்ளது 2240 பவுண்டு டன்னாக இருக்கலாம். அதில் 1 டன் = 9.964 கிலோநியூட்டன், அதே 57-க்கு 25.24 வரும். அமெரிக்க ஷார்ட் டன் 2000 பவுண்டு, 8.896 கிலோநியூட்டன். பெயர்ப்பலகையையும் கடைசி காலிபரேஷன் (அளவுச் சரிபார்ப்பு) சான்றிதழையும் எடுங்கள். சான்றிதழில் டயல் அளவுக்கு எதிரே உண்மையான விசை கிலோநியூட்டனில் இருந்தால், அந்த அட்டவணையையே நம்புங்கள். எந்தக் காரணியும் தேவையில்லை.

லோடிங் வேகத்திலும், அதாவது விசையை ஏற்றும் வேகத்திலும், இதே குழப்பம் வரும். கான்கிரீட் பலச் சோதனைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 516-இன் 1959 பதிப்பு சொன்னது நிமிடத்துக்கு 140 கிலோ/ச.செமீ. 225 ச.செமீ-க்கு அது நிமிடத்துக்கு 31.5 டன், அதாவது வினாடிக்கு 5.15 கிலோநியூட்டன். வால்வை வேகமாகத் திறந்தால் கியூப் கூடுதல் பலம் காட்டும். காரணியைச் சரிசெய்துவிட்டு இதைக் கோட்டைவிட்டால் பயனில்லை.

லேப்_பையன்:
நன்றி சார். பலகையில் "மெட்ரிக் டன்" என்றே இருக்கிறது. ஒரு சந்தேகம்: சென்னையில் ஈர்ப்பு 9.78 தானே? அதைப் போட வேண்டாமா?

நிறைகோல்:
வேண்டாம். டயலின் கிலோகிராம் விசை வரையறைப்படி 9.80665. சென்னையிலும் டெல்லியிலும் அதேதான், ஏனென்றால் மெஷின் ஹைட்ராலிக் அழுத்தத்தால் தள்ளுகிறது, ஈர்ப்பால் அல்ல.

எடைக்கற்களைத் தொங்கவிட்டு விசை உண்டாக்கும்போது மட்டும் ஊரின் ஈர்ப்பு வேண்டும். சென்னையில் 9.783 என்று வைத்தால் 50 கிலோ கல் தருவது 489.15 நியூட்டன், அதாவது 49.88 கிலோகிராம் விசை. புரூவிங் ரிங்கை (விசையை அளக்கும் எஃகு வளையம்) கற்களால் சரிபார்க்கிறவர்கள் இதை விட்டால் கால் சதவீதம் அங்கேயே போய்விடும்.

லோட்செல் (விசையை மின் அளவாக மாற்றும் உணரி) உள்ள தராசும் உள்ளுக்குள் விசையைத்தான் அளக்கிறது. டெல்லியில் காலிபரேட் செய்த தராசைச் சென்னையில் அப்படியே வைத்தால் 8.1 கிலோ கியூபுக்குச் சுமார் 7 கிராம் குறைத்துக் காட்டும். கியூபுக்கு அது பொருட்டல்ல. துல்லியமான வேலைக்கு இங்கேயே கல் வைத்துக் காலிபரேட் செய்ய வேண்டும்.

எக்செலில் 9.80665-ஐ ஒரே செல்லில் வைத்து மற்றவை அதைப் பார்க்கும்படி செய்யுங்கள். பத்தித் தலைப்பில் வெறும் "லோடு" என்று விடாமல் "லோடு, மெட்ரிக் டன் விசை" என்றே எழுதுங்கள். 10 போட்டு ஏற்கெனவே அனுப்பிய ரிப்போர்ட்டுகளை 0.9807-ஆல் பெருக்கி, எவை கிரேடுக்குக் கீழே வருகின்றன என்று பார்த்து, திருத்திய ரிப்போர்ட் கொடுத்துவிடுங்கள்.