மறு: ஒரே இங்கிலீஷ் சொல், ரெண்டு அர்த்தம்: பாடக்குறிப்புல ரெண்டு பத்திக்கும் என்ன தலைப்பு?

எல்லாருக்கும் வணக்கம். பைத்தான்ங்கற கம்ப்யூட்டர் நிரல்மொழிக்கு நாம எழுதற பாடக்குறிப்புல, ஒவ்வொரு இங்கிலீஷ் சொல்லுக்கும் பொதுவா பேசற அர்த்தத்துக்கு ஒரு பத்தி (காலம்), கம்ப்யூட்டர்ல வர்ற அர்த்தத்துக்கு ஒரு பத்தின்னு போடறதுக்குத் தலைப்பு தேடிக்கிட்டு இருக்கோம், அதுக்கு வந்த யோசனைகளுக்குத்தான் இந்தப் பதில்.

> நம்ம இலக்கணத்துலயே குழூஉக்குறி இருக்கே, புதுசா எதுக்கு?

அக்கா, குழூஉக்குறின்னா ஒரு கூட்டம் தங்களுக்குள்ள மட்டும் வெச்சுக்கற பேர், தட்டாருங்க பொன்னைப் பறின்னு சொல்றதையும் யானைப்பாகருங்க ஆடையைக் காரைன்னு சொல்றதையும்தான் அதுக்கு உதாரணமா படிக்கிறோம். ஸ்ட்ரிங், ஆர்கியுமென்ட், ரிட்டர்ன் எல்லாம் ஊரே பேசற இங்கிலீஷ் சொல்லு, கம்ப்யூட்டர்காரங்க எடுத்து அர்த்தத்தைக் குறுக்கி வெச்சிருக்காங்க, அவ்வளவுதான். அதையும் குழூஉக்குறின்னு எழுதிப் போட்டா தமிழ் வகுப்புல படிச்சதோட போட்டுப் பிள்ளைங்க குழப்பிக்கும்.

> பலபொருள் ஒருசொல்னே போட்டுடலாம்.

ஐயா, அது சொல்லுக்குப் பேர். நமக்கு வேண்டியது அந்தச் சொல்லோட ரெண்டு அர்த்தத்துக்கும் தனித்தனிப் பேர். என் பரிந்துரை: வழக்குப்பொருள், துறைப்பொருள். வீட்டுலயும் கடைத்தெருவுலயும் என்ன அர்த்தமோ அது வழக்குப்பொருள், நிரல்ல, அதாவது கம்ப்யூட்டர் புரோகிராம்ல, என்ன அர்த்தமோ அது துறைப்பொருள்.

இதுல நான் இவ்வளவு பிடிவாதமா நிக்கறதுக்குக் காரணம், தமிழ் மீடியத்துல படிக்கிற பிள்ளைங்களுக்கு பைத்தான் பாடமே பாதி இங்கிலீஷ் பாடமா இருக்கு. பைத்தான் தனக்குன்னு எடுத்து வெச்சிருக்கற ஒதுக்கப்பட்ட சொல்லு மொத்தம் 35, அதுல இஃப், எல்ஸ், வைல், நாட், ஆர், இன், ஃப்ரம், வித், அஸ்னு நிறைய இங்கிலீஷோட குட்டிச் சொல்லுங்க, அகராதில பார்த்தா ஒண்ணுக்கு ஏழெட்டு அர்த்தம் போட்டு எதுவுமே மனசுல ஒட்டாது, ஆனா நிரல்ல ஒரு எல்ஸ் போட்டு ஓட்டினா அது என்ன செய்யுதுன்னு கண்ணெதிர்ல தெரியுது, அப்புறம் கடையில யாராவது எனிதிங் எல்ஸ்னு கேட்டா பிள்ளைக்குச் சட்டுனு பிடிபடுது. இன்க்ரிமென்ட், டிக்ரிமென்ட், இம்போர்ட், எக்ஸ்போர்ட், என்கோட், டிகோட்னு ஜோடி ஜோடியா வரும்போது முன்னொட்டு மாறினா அர்த்தம் திரும்புதுன்னு யாரும் இலக்கணம் நடத்தாமலே புரிஞ்சுக்கறாங்க. இது பெரிய லாபம்.

ஆனா ரெண்டு அர்த்தத்தையும் பிரிச்சுச் சொல்லலன்னா அதே பாடம் காலை வாரிவிடும். ஃபங்ஷனுக்கு (நிரல்ல ஒரு வேலையைச் செய்யற துண்டு) அனுப்பற மதிப்புதான் ஆர்கியுமென்ட்னு மட்டும் தெரிஞ்ச ஒரு பொண்ணு, இங்கிலீஷ் பாடத்துல ரெண்டு பேருக்குள்ள ஆர்கியுமென்ட்னு படிச்சுட்டு யாரு யாருக்கு என்ன அனுப்பினாங்கன்னு கேட்டுச்சு. அந்தப் பிள்ளைகிட்ட எந்தக் குறையும் இல்ல, நாம குடுத்த குறிப்புல ஒரு பத்திதான் இருந்துச்சு. ஆர் அதைவிடச் சிக்கல். டீ ஆர் காபின்னு கேட்டா ஏதாவது ஒண்ணுதான், பைத்தான்ல ரெண்டு பக்கமும் உண்மையா இருந்தாலும் விடை உண்மைதான். வழக்குப்பொருளையும் துறைப்பொருளையும் பக்கத்துல பக்கத்துல எழுதினா இது ரெண்டு நிமிஷ வேலை.

இன்னொண்ணு, நம்ம கலைச்சொல்லு நல்லா அமைஞ்சிருக்கான்னும் இந்த ரெண்டு பத்தியே காட்டிக்குடுத்துடும். ஸ்ட்ரிங்குக்கு, அதாவது எழுத்துங்களோட வரிசைக்கு, சரம்னு வெச்சது அருமை, பூச்சரத்துல பூவைக் கோக்கற மாதிரி எழுத்தைக் கோத்திருக்குன்னு பிள்ளை தானே சொல்லிடும். கிளாஸுக்கு (நிரல்ல ஒரே மாதிரி ஆப்ஜெக்டுங்களை உருவாக்கற அச்சு) இனக்குழுன்னு பாடநூல்ல இருக்கு, தமிழ்ல அந்தச் சொல்லைக் கேட்டாலே மக்கள் கூட்டம்தான் நினைவுக்கு வரும், கிளாஸோட வழக்குப்பொருளுக்கும் அதுக்கும் நடுவுல பாலமே கிடையாது. அதை மாத்தணுமாங்கறதை வேற இழையில பேசுவோம்.

தம்பி ஒருத்தர் கலைப்பொருள்னு சொல்லியிருந்தார். வேண்டாம்பா, மியூசியத்துல வெச்சிருக்கற சிலைதான் நினைவுக்கு வருது. தொழில்நுட்பப்பொருள்னா கடையில விக்கற சாமான் மாதிரி இருக்கு, நீளமும் ஜாஸ்தி. என் பரிந்துரைலயும் ஒரு இடைஞ்சல் உண்டு, பாடநூல்ல ஆப்ஜெக்டுக்கும் பொருள்னுதான் போட்டிருக்கு. ஆனா தனியா நிக்கற பொருள் வேற, துறையோட ஒட்டி வர்ற பொருள் வேற, தலைப்புல பார்க்கும்போது யாரும் குழம்ப மாட்டாங்கன்னு நம்பறேன். ரொம்ப உறுத்துச்சுன்னா வழக்குக்கருத்து, துறைக்கருத்துன்னு போகலாம், ஓசை எனக்குப் பிடிக்கல.

ஃப்ளோட், காஸ்ட், ஸ்டாக், த்ரெட், பக் எல்லாத்துக்கும் ரெண்டு பத்தியும் நிரம்பிடும். புள்ளி வெச்ச எண்ணைச் சொல்ற ஃப்ளோட்டுக்கு மட்டும் ஒரு வரி கூட எழுதணும், மிதக்கறது எண்ணு இல்ல, அதுல இருக்கற புள்ளி, அது ஒரே இடத்துல நிக்காம நகருதுன்னு. இடிக்கறது உண்மை, பொய்னு ரெண்டே மதிப்பு இருக்கற பூலியன்தான், 1815ல பிறந்த ஜார்ஜ் பூல்ங்கற கணித அறிஞர் பேர்ல வந்தது, வழக்குப்பொருளே கிடையாது. அந்தக் கட்டத்தைக் காலியா விட்டா பிள்ளை அகராதியைப் புரட்டித் தேடிக்கிட்டு இருக்கும், அதனால அங்க ஆள்பெயர்னு எழுதிடலாம்னு நினைக்கறேன். அக்காவும் ஐயாவும் சரின்னு சொன்னா முதல் பாடத்துல வர்ற சொல்லுங்களை இந்த அமைப்புல எழுதி இங்கேயே அனுப்பறேன்.

அன்புடன்